அசையாமல் நின்றால் தொடை ஏன் நடுங்குகிறது?

கராத்தே வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கிபா டாச்சியில் நிற்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் அந்தப் பக்கம் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் தொடை எரிகிறது, பிறகு தானாக ஆட ஆரம்பிக்கிறது. வேலை என்றால் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி என்று பள்ளியில் படித்தேன். நான்தான் ஓர் அங்குலம்கூட நகரவில்லையே, பிறகு எதற்கு இந்தக் களைப்பு?”

அருமையான கேள்வி. இயற்பியல் பாடமும் பொய்யில்லை, தொடை வலியும் பொய்யில்லை.

கிபா டாச்சி தெரியாதவர்களுக்கு: கால்களைத் தோள் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அகட்டி, பாதங்கள் இரண்டும் முன்னோக்கி இருக்க, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், குதிரைமேல் உட்கார்ந்த வாக்கில் நிற்பது. எடை இரண்டு கால்களுக்கும் சரிபாதி. முன்காலில் எடை கூடினால் ஜென்குட்சு டாச்சி. பின்காலில் ஏறக்குறைய 70 சதவீதம் போனால் கோகுட்சு டாச்சி. கராத்தேயின் ஒரு பிரிவான ஷோட்டோகான் பள்ளியில் சேருபவரின் ஆரம்ப மாதங்கள் இந்த மூன்றோடுதான் கழியும். ஒகினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்து காட்டிய ஃபுனாகோஷி கிச்சின், இந்தக் குதிரை நிலையிலேயே முழுக்க நடக்கும் டெக்கி என்ற மூன்று கட்டாக்களை (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகளை) மட்டும் பத்து ஆண்டுகள் பயின்றதாகச் சொல்லியிருக்கிறார். அவர் காலத்து நிலைகள் இன்றைய அளவுக்குத் தாழ்ந்தவை அல்ல. இவ்வளவு கீழே இறக்கியது அவருடைய மகன் யோஷிடாகா என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. திட்டுவதானால் அவரைத் திட்டிக்கொள்ளலாம்.

முதலில் சுமைக் கணக்கு. உங்கள் எடை 60 கிலோ என்றால் ஒரு காலுக்கு 30 கிலோ, சுமார் 300 நியூட்டன். நேராக நிற்கும்போது இந்த விசை முழங்கால் மூட்டின் ஊடாகவே இறங்கிவிடுவதால் தசைக்குப் பெரிய வேலையில்லை. காலை மடக்கியதும் மூட்டு அந்த விசைக்கோட்டை விட்டு விலகுகிறது. 20 சென்டிமீட்டர் விலகியதாக வைத்துக்கொண்டால், திருப்புத்திறன் 60 நியூட்டன் மீட்டர். அதை எதிர்த்து நிற்பது தொடையின் முன்பக்கத் தசை. அதன் தசைநாண் மூட்டின் மையத்திலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கிறது. 60ஐ 0.04ஆல் வகுத்துப் பாருங்கள்: 1500 நியூட்டன். சும்மா நிற்கும் உங்கள் ஒவ்வொரு தொடையும் 150 கிலோ மூட்டையைத் தொங்கவிடும் அளவு விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது!

சரி, இழுக்கட்டும். சுவரில் அடித்த ஆணிகூடத்தான் மூட்டையைத் தாங்குகிறது, அதற்கென்ன செலவு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தசை நார்களுக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மயோசின் தலை ஆக்டினைப் பிடிக்கும், 10 நானோமீட்டருக்கும் குறைவாக ஓர் இழுப்பு இழுக்கும், விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். இப்படி ஒரு சுற்றுக்கு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யில் ஒரு மூலக்கூறு செலவு. பிடித்த பிடியை விடுவதற்கே ஏ.டி.பி. வேண்டும். ஒரு தலையும் நிலையாகப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சமபலமுள்ள இரண்டு அணிகள் வடம் இழுக்கும்போது நடுக்குறி அசையாமல் இருந்தாலும் ஒவ்வொரு கையும் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்குமே, அதுபோல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இடப்பெயர்ச்சி பூஜ்யம். உள்ளே கோடானுகோடி குட்டி இடப்பெயர்ச்சிகள், அத்தனையும் கடைசியில் வெப்பமாகப் போகின்றன. தவளைத் தசையில் இந்த வெப்பத்தை அளந்த ஆர்ச்சிபால்ட் ஹில்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது, 1922ஆம் ஆண்டுக்கானது. ஃபுனாகோஷி டோக்கியோவில் இறங்கிய அதே ஆண்டு!

எல்லா உயிர்களும் இப்படி ஊதாரித்தனமாக இருப்பதில்லை. சிப்பியின் இரண்டு ஓடுகளையும் மூடிப் பிடிக்கும் தசைக்கு ஒரு வித்தை தெரியும். இறுக்கியபின் பூட்டுப் போட்டுவிடும். ட்விட்சின் என்ற புரதம் இழைகளைப் பிணைத்துக்கொள்ள, மணிக்கணக்கில் மிகமிகக் குறைந்த ஆற்றலில் ஓடு மூடியே கிடக்கும். திறக்க வேண்டுமானால் நரம்பு செரோடோனின் என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் விடும், பூட்டு கழன்றுவிடும். நம் தொடையில் அந்தப் பூட்டு இருந்தால் கிபா டாச்சியில் உட்கார்ந்து இரவெல்லாம் கதை பேசலாம். ஆனால் எதிரி வந்தால் உதைக்க முடியாது. ஓடவும் தாவவும் வேண்டிய உயிருக்கு, கணத்துக்குக் கணம் விட்டுப் பிடிக்கும் தசைதான் கட்டுப்படியாகும். சிப்பியின் தசையை ஆராய மக்கள் பணமா என்று யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். நம் தசை எப்படி வேலை செய்கிறது என்பது பாதிக்குமேல் தவளையிடமும் சிப்பியிடமும் பூனையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பூனை எங்கே வந்தது? நடுக்கத்தில். ஒரு தசையை ஒரே நரம்பு இயக்குவதில்லை. தண்டுவடத்திலுள்ள ஒவ்வொரு நரம்பு செல்லும் தனக்கென ஒரு கூட்டம் நார்களை வைத்திருக்கிறது. சிறிய செல்கள் முதலில் களமிறங்கும், பெரியவை கடைசியில். எல்வுட் ஹென்னிமன் 1950களிலும் 60களிலும் பூனைகளை ஆராய்ந்து கண்ட ஒழுங்கு இது. நிற்கத் தொடங்கும்போது பல சிறு கூட்டங்கள் ஆளுக்கொரு நேரத்தில் துடிப்பதால், கூட்டுவிசை வழவழப்பாக இருக்கிறது. ஆனால் இறுகிய தசை தன் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்குகிறது. நடக்கும்போது தசை இறுகி இறுகித் தளர்வதால் ரத்தம் ஓடும். இங்கே தளர்ச்சியே கிடையாது. உள்ளே பாஸ்பேட் சேர்ந்து மயோசினின் இழுப்பு வலுவிழக்கிறது. (எல்லாப் பழியையும் லாக்டிக் அமிலத்தின் தலையில் போடுவது பழைய பழக்கம்.) சிறியவை களைக்க, பெரிய கூட்டங்கள் வருகின்றன. அவற்றின் ஒவ்வொரு துடிப்பும் முரட்டுத்தனமானது. தொடை இம்மியளவு இறங்கியதும் தசைக்குள் இருக்கும் நீட்சி உணர்விகள் தண்டுவடத்துக்குச் சொல்ல, அங்கிருந்து “இழு” என்று பதில் வருகிறது. பதில் வரச் சற்றுத் தாமதமாவதால் இழுப்பு அளவை மீறுகிறது, பிறகு தளர்கிறது, மறுபடி இறங்குகிறது. நொடிக்கு 8 முதல் 12 முறை வரும் இந்த ஆட்டம் எல்லோர் தசையிலும் எப்போதும் உண்டு. களைப்பு அதைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குகிறது.

இதைத்தான் சிலர் ‘கி (உயிராற்றல்) ஓட ஆரம்பித்துவிட்டது’ என்கிறார்கள். நரம்பும் தசையும் சேர்ந்து நடத்தும் இத்தனை அழகான விஷயத்தை ஓர் எழுத்தில் முடித்துவிட எப்படித்தான் மனம் வருகிறதோ. காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார் என்று நம் ஊரில் மார்தட்டுவதும் அப்படித்தான். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் யிஜின் ஜிங் என்ற சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போதிதர்மர் வாழ்ந்ததோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு.

வாசகருக்குச் சில வாரங்களில் நடுக்கம் தள்ளிப்போகும். தசை பருப்பதற்கு முன்பே நரம்புகள் தேறிவிடுவதுதான் காரணம். புதியவர் பயத்தில் தொடையின் பின்பக்கத் தசையையும் சேர்த்து இறுக்கி, தன்னையே எதிர்த்து இழுத்துக்கொண்டிருப்பார். பழகப் பழக அது விட்டுப்போகும். அதுவரை முழங்கால் உள்பக்கம் சரியாமல் பாதத்தின் நேரே இருக்கட்டும். தொடைச் சதை எரிந்தால் தொடர்ந்து நிற்கலாம். மூட்டுக்குள் குத்தினால், மாஸ்டர் முறைத்தாலும் எழுந்துவிடுங்கள்.