அந்த 47 சதவீதம் எங்கிருந்து வந்தது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஏஐ வந்தால் பாதி வேலை போய்விடும் என்கிறார்கள். இன்னொருவர் பத்தில் ஒன்றுகூடப் போகாது என்கிறார். மூன்றாவது ஆள் எண்பது சதவீதம் என்கிறார். இதையெல்லாம் யார் கணக்குப் போடுகிறார்கள், இல்லை, வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறார்களா?"

அடித்துவிடவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கின் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்த எண்களைப் படிக்கிற விதமே மாறிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

பயம் பழையது. 1811இல் இங்கிலாந்தில் லடைட்டுகள் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர்கள் பின்னல் இயந்திரங்களை உடைத்தார்கள், அடுத்த வருடமே இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தார்கள், 1930இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் "தொழில்நுட்ப வேலையின்மை" என்ற புது நோயைப் பற்றி எழுதினார். இதெல்லாம் எல்லோரும் சொல்கிற கதைதான், தாண்டிப் போய்விடலாம். நமக்கு வேண்டியது 2013.

அந்த வருடம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் பெனடிக்ட் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் என்ற இருவர் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒருவர் பொருளாதாரக்காரர், மற்றவர் இயந்திரக் கற்றல் ஆள், அதாவது கணினியைத் தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ள வைக்கிறவர். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் கணினிமயமாகும் அபாயம் அதிகமுள்ள வகையில் இருக்கிறது என்று அதில் சொன்னார்கள். செய்தித்தாள்கள் அதை "பாதி வேலை காலி" என்று சுருக்கிக்கொண்டன. இன்று வரை கூட்டங்களில் யாராவது ஒருவர் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் ஓநெட் என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன திறமை வேண்டும், எவ்வளவு வேண்டும், அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். இருவரும் அதிலிருந்து 702 தொழில்களை எடுத்துக்கொண்டார்கள். 702ஐயும் உட்கார்ந்து ஆராய முடியாது. அதனால் இயந்திரக் கற்றல் ஆய்வாளர்களைக் கூட்டி வைத்து, 70 தொழில்களுக்கு மட்டும் கையால் குறி போட்டார்கள். இந்தத் தொழிலின் எல்லா வேலைகளையும், வேண்டிய தரவு கிடைக்கிறது என்றால், இன்றைய கணினியால் இயங்கும் கருவிகளிடம் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் 1, முடியாது என்றால் 0. நடுவில் எதுவும் கிடையாது. நன்றாகத் தெரியும் என்று தோன்றியவற்றுக்கு மட்டுமே குறி.

மீதி 632 தொழில்கள்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓநெட் மதிப்பெண்களிலிருந்து ஒன்பதை மட்டும் பொறுக்கினார்கள். விரல் நுணுக்கம், கைத்திறன், இடுக்கான இடத்தில் வேலை செய்வது, சொந்தக் கற்பனை, நுண்கலை அறிவு, எதிரே இருப்பவரின் மனநிலையைப் புரிந்துகொள்வது, பேரம் பேசுவது, சம்மதிக்க வைப்பது, பிறரைப் பராமரிப்பது. கணினிக்கு இவையெல்லாம் கஷ்டம் என்பது அன்றைய எண்ணம். இப்போது ஒவ்வொரு தொழிலும் ஒன்பது எண்கள். ஒன்பது எண் இருந்தால் அது ஒன்பது அச்சுள்ள வெளியில் ஒரு புள்ளி. ஒன்பது அச்சைக் கற்பனை செய்ய யாராலும் முடியாது, இரண்டு அச்சு போதும், ஒரு மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானம் முழுக்க 702 புள்ளிகள். அருகருகே இருக்கும் புள்ளிகள் ஒரே மாதிரியான திறமை கேட்கும் தொழில்கள்.

அந்த மைதானத்துக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் ஒரு பெரிய துணியை விரித்துக் கட்டியிருக்கிறோம். தரை என்றால் 0, தலைக்கு மேல் 1, துணி இருப்பது பாதி உயரம், அதாவது 0.5. இப்போது குறி போட்ட 70 புள்ளிகளுக்குப் போகிறோம். 1 என்று குறி போட்ட இடத்தில் ஒரு கழியால் துணியை மேலே தள்ளுகிறோம், 0 என்ற இடத்தில் ஒரு கயிறு கட்டிக் கீழே இழுக்கிறோம். துணி அந்த இடத்தில் மட்டும் மேலே போகாது, சுற்றிலும் கொஞ்ச தூரம் அதனோடு ஏறும். எவ்வளவு தூரம் ஏறும் என்பது துணியின் விறைப்பைப் பொறுத்தது. கித்தான் என்றால் தூரத்தில் இருப்பதையும் தூக்கும், மெல்லிய மல் துணி என்றால் கழியின் நுனியில் மட்டும் கூர்மையாகக் கூடாரம் அடிக்கும். இந்த விறைப்பையும் மனிதர் முடிவு செய்வதில்லை, 70 குறிகளுக்கும் எது நன்றாகப் பொருந்துகிறது என்று கணக்கே தேடிக்கொள்ளும். எழுபதையும் கட்டி முடித்த பிறகு, குறி போடாத ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே துணி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் போதும். அதுதான் அந்தத் தொழிலின் நிகழ்தகவு. இந்த முறைக்குப் பெயர் கௌசியன் ப்ராசஸ்.

இதில் எனக்கு மயக்கம் தருவது கழிகள் இல்லாத இடம். கழியும் கயிறும் எட்டாத மூலையில் துணி அப்படியே 0.5 உயரத்தில் அசையாமல் கிடக்கும். "இந்தப் பக்கம் யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை" என்று அது ஒப்புக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கணக்குமுறைகள் ரொம்பக் குறைவு, மனிதர்களும்தான். ஆனால் பாருங்கள், வெளியே வரும்போது அது வெறும் 0.5தான். படிக்கிறவர் "ஓஹோ, இந்தத் தொழிலில் பாதிப் பேருக்கு வேலை போகும்" என்று எடுத்துக்கொள்வார். மேலே தள்ளுகிறவர்களும் கீழே இழுக்கிறவர்களும் சமபலமாக இருந்தாலும் 0.5தான் வரும், யாருமே இல்லாவிட்டாலும் 0.5தான் வரும்.

துணி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் செய்தார்கள். குறி போட்டதில் பாதியை மறைத்து வைத்துவிட்டு, மறு பாதியை மட்டும் காட்டி, மறைத்ததைச் சொல்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நன்றாகவே தேறியது. எதில் தேறியது என்பதுதான் விஷயம்: அந்த அறையில் இருந்த நிபுணர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சரியாக ஊகித்தது. வேலை உண்மையில் போயிற்றா என்பதோடு ஒப்பிட அப்போது எதுவும் கையில் இல்லை. எழுபது தொழில்களைப் பற்றிய கருத்தை 702 வரை நீட்டும் அழகான ஒரு கருவி அது. நீட்டினாலும் கருத்து கருத்துதான்.

இன்னும் ஒரு படி. 47 என்ற எண் எப்படி வந்தது தெரியுமா? 0.7க்கு மேலே ஒரு கோடு போட்டார்கள். துணி அதைத் தாண்டிய தொழில்களில் இருக்கும் அத்தனை பேரையும் முழுசாகக் கூட்டினார்கள். 0.71 என்றால் அந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் உள்ளே, 0.69 என்றால் ஒருவர்கூட இல்லை. அதுவும் "தொழில்நுட்ப ரீதியில் முடியும்" என்ற பொருளில் மட்டும். முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா, சட்டம் விடுமா, வாடிக்கையாளர் ஏற்பாரா, இதெல்லாம் கணக்கிலேயே இல்லை. ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை, அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் தலைப்புப் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலைப் படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். தொலைபேசியில் விற்பவர்கள் 0.99, சரிதான். ஆனால் விளம்பர மாடல்களுக்கு 0.98! அந்த ஒன்பது கேள்விகளில் எதுவும் "பார்க்க எப்படி இருக்கிறார்" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். எழுத்தாளர்களுக்கு 0.038. ஓவியர்களும் பத்திரமான மூலையில்தான் இருந்தார்கள், கற்பனையும் நுண்கலையும் கணினிக்கு வராது என்று அந்த ஒன்பது அச்சுகளிலேயே எழுதிவைத்துவிட்டார்களே. 2022இல் ஒரு வரி எழுதினால் படம் வரைந்து தரும் மென்பொருள்களும், வருடக் கடைசியில் சாட்ஜிபிடியும் வந்தபோது, துணியைக் கீழே இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளே அறுந்துபோயின.

அந்த 47க்கு முதல் பெரிய அடி 2016இல் விழுந்தது. ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்புக்காக மூன்று ஆய்வாளர்கள் தொழிலின் பெயரை விட்டுவிட்டு, தனித்தனி ஆட்கள் உண்மையில் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்ற கணக்கெடுப்பை வைத்துத் திருப்பிப் போட்டார்கள். 47 இருந்த இடத்தில் 9 வந்தது. எப்படி இவ்வளவு வித்தியாசம் என்றால், கணக்கு எழுதும் குமாஸ்தாக்களைப் பாருங்கள். பழைய பட்டியலில் அவர்களுக்கு 98 சதவீதம். ஆனால் அவர்களில் யாரோடும் சேர்ந்து வேலை செய்யாமல், யாரிடமும் நேரில் பேசாமல் வேலையை முடிப்பவர்கள் 24 சதவீதம்தான். கடை விற்பனையாளர்களில் வெறும் 4 சதவீதம். குமாஸ்தா என்ற பெயருக்குள்ளே பில் பதிகிறவர் இருக்கிறார், பாக்கி வைத்தவரிடம் போய் நயமாகப் பேசிப் பணம் வாங்கி வருகிறவரும் இருக்கிறார். ஒரே பெயர், ஒரே புள்ளி.

இங்கே ஒரு புலம்பல். இந்த 9ஐச் சாத்தியமாக்கியது ஒரு சலிப்பூட்டும் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய் "உங்கள் வேலையில் எவ்வளவு அடிக்கடி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள்" என்று கேட்கிற வேலை. இதற்கு யாரும் மேடை போட்டுப் பணம் கொடுப்பதில்லை. புது ஏஐ மாடல் பயிற்றுவிக்கக் கொட்டுகிற பணத்தில் தூசி அளவு இதற்கு வந்தால், வேலை போகிறதா இல்லையா என்று ஊகித்துக்கொண்டிருக்காமல் எண்ணியே பார்த்துவிடலாம். எண்ணாத இடத்தில்தான் ராசிபலன் முளைக்கும். ரேடியாலஜி படிப்பையே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கணினி ஸ்கேனை அந்த மருத்துவர்களைவிட நன்றாகப் பார்க்கும் என்று 2016இல் ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். இன்றைய ஏஐக்கு அடிப்படையான நரம்பியல் வலைப்பின்னலில் அவரைவிடப் பெரிய ஆள் இல்லை, பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். ரேடியாலஜி மருத்துவர்களுக்கு இன்றும் தட்டுப்பாடுதான். ஸ்கேனைப் பார்ப்பது அவர்கள் நாளின் ஒரு பகுதி என்பது அவர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வாசகர் கேட்ட அந்த எண்பது? அது 2023. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளரும் மற்றவர்களோடு சேர்ந்து செய்தது. இவர்கள் கேட்ட கேள்வியே வேறு: ஒரு வேலையை மொழி மாடலின் (சாட்ஜிபிடிக்குள் இருப்பது மாதிரியான மென்பொருளின்) துணையோடு, தரம் குறையாமல், பாதி நேரத்தில் முடிக்க முடியுமா? ஓநெட்டின் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் இப்படிக் குறி போட்டார்கள். மனிதர்களும் போட்டார்கள், ஓபன்ஏஐயின் சொந்த மாடலான ஜிபிடி-4உம் போட்டது (சட்டை எப்படி இருக்கிறது என்று தையல்காரரிடமே கேட்ட மாதிரி). அமெரிக்க உழைப்பாளர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குத் தங்கள் வேலைகளில் பத்தில் ஒரு பங்காவது இதில் அடங்கும் என்று வந்தது. பாதியாவது அடங்குகிறவர்கள் சுமார் 19 சதவீதம். பட்டியலும் தலைகீழ். எழுத்தாளர், கணித ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் மேலே, பாத்திரம் கழுவுகிறவரும் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும் பத்திரமாகக் கீழே. பத்து வருட இடைவெளியில் பயம் ஒரு வகுப்பிலிருந்து எழுந்து வேறு வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. பயப்படுகிறவர்களுக்கு இப்போது கட்டுரை எழுதத் தெரியும் என்பதால் சத்தமும் கூடிவிட்டது.

"பாதி நேரம் மிச்சம்" என்றால் வேலை போகுமா, சம்பளம் குறையுமா, இல்லை இரண்டு மடங்கு வேலை தலையில் ஏறுமா? அந்தக் கணக்கு இதைச் சொல்லாது, சொல்வதாக அவர்களும் உரிமை கோரவில்லை.

எனக்குச் சோறு போடுவது தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்ப்பது. போன வாரம் நான் செய்ததை ஒரு தாளில் எழுதி அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன், பதினோரு வேலைகள் வந்தன. முதல் வரைவு: பாதி நேரம் போதும், பாதிகூட வேண்டாம். கலைச்சொல் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பது: ஆமாம். அட்டவணை பக்கத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது: ஓரளவு, ஆமாம் என்றே வைத்துக்கொண்டேன். இப்படியே போய் ஏழு ஆமாம், நான்கு இல்லை. நானும் அந்த 19 சதவீதத்து ஆள்தான்.

இல்லை என்று வந்த நான்கில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பம்பின் கையேடு, பழுது பார்க்கும் பகுதி. "வேலையைத் தொடங்கும் முன் பம்பை ஐசொலேட் செய்யவும்" என்று மூலத்தில் இருக்கிறது. இயந்திரம் "பம்பைத் தனிமைப்படுத்தவும்" என்று எழுதியிருந்தது, இலக்கணம் சுத்தம். படிக்கிறவர் பம்பைக் கழற்றித் தனியறையில் வைப்பாரா? மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறார்களா, வால்வை மூடச் சொல்கிறார்களா என்று மூலத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. அந்த நிறுவனத்தின் பொறியாளருக்கு போன் போட்டேன். இரண்டும்தான் என்றார், முதலில் மின்சாரம், அப்புறம் இரண்டு பக்க வால்வும், வரிசை மாறினால் மூடிய வால்வை எதிர்த்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே தண்ணீர் கொதித்துவிடும் என்று இருபது நிமிடம் பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர்.

போன வருடத்திலிருந்து அந்த நிறுவனம் முதல் வரைவை இயந்திரத்திடமே வாங்கி எனக்குத் திருத்த அனுப்புகிறது. சொல்லுக்குத் தருவது முன்பு தந்ததில் பாதிக்கும் கீழே. எந்தப் புள்ளிவிவரத்திலும் எனக்கு வேலை போகவில்லை. அந்த இருபது நிமிடத்தால் "பம்பைத் தனிமைப்படுத்தவும்" என்ற இரண்டு சொல் "மின்சாரத்தைத் துண்டித்த பின் இரு வால்வுகளையும் மூடவும்" என்று ஆறு சொல்லானது. பில்லில் நான்கு சொல் கூடியது.