ஆலா

ஆங்கிலத்தில் டெர்ன் எனப்படும் கடற்பறவைக்குத் தமிழில் ஆலா என்று பெயர். இதைக் கடற்காகம் என்று எழுதுவது தவறு. கடற்காகத்துக்கு உடல் தடித்தது, அலகின் நுனி வளைந்தது. நீரில் மிதந்துகொண்டே கிடைத்ததைத் தின்னும். ஆலா ஒல்லியானது. ஊசி அலகு, ஒடுங்கிய நீண்ட சிறகு, பெரும்பாலான இனங்களில் கவைபட்ட வால். பறந்தபடியே நீரைப் பார்த்து, மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாயும்.

டெர்ன் என்ற சொல் வடகடல் நாடுகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. டேனிய மொழியில் இப்பறவை டெர்னெ. பழைய ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டேர்ன் என்று பெயர். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த ஸ்டெர்னா என்ற பேரினப்பெயர் அதிலிருந்து எடுத்தது. ஆக, டெர்ன் குளிர்கடற்கரைச் சொல். நமக்குப் பக்கத்திலேயே மலையாளத்தில் இப்பறவையை ஆள என்கிறார்கள். லட்சத்தீவில் மினிக்காய் நீங்கலாக மற்றத் தீவுகளின் பேச்சும் மலையாளத்தின் ஒரு கிளைதான். ஆகவே அத்தீவுகளின் பறவைகளை எழுதும்போது ஆலா என்பதுதான் இயல்பாகப் பொருந்தும்.

லட்சத்தீவின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்று ஒரு திட்டு இருக்கிறது. பரப்பு 1.2 ஹெக்டேர்தான், மரமில்லை, குடிநீரில்லை, மனிதர் குடியில்லை. ஆலாக்கள் கூட்டமாக வந்து வெறுந்தரையில் முட்டையிடுவதற்கு அதுவே வசதி. அவற்றில் முதுகு கறுத்த ஓர் இனம் வியப்பானது. அதன் இறகு எளிதில் நனைந்துவிடும் என்பதால் கடல்மேல் அமர்ந்து ஓய்வெடுப்பதில்லை. பிறந்த திட்டை விட்டுக் கிளம்பிய இளம்பறவை, முட்டையிடும் பருவம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் வானத்திலேயே காலம் கழிக்கிறது! சூரை மீன்கள் கீழிருந்து விரட்ட, சிறுமீன்கள் மேலே வரும். ஆலாக் கூட்டம் அங்கே வட்டமிடும். அதைப் பார்த்துத்தான் மீனவர்கள் படகைத் திருப்புகிறார்கள்.

'ஏன் இப்படி ஆலாய்ப் பறக்கிறாய்?' என்று வீடுகளில் கேட்பதுண்டு. இரைமேல் கண்ணாக ஓயாமல் அலையும் இப்பறவையைப் பார்த்தவருக்கு அந்த வழக்கு சட்டென்று விளங்கும்.

பிட்டியில் கூடும், ஆங்கிலத்தில் நாடி (noddy) எனப்படும் பழுப்புநிறப் பறவையும் ஆலா குடும்பம்தான். அந்த ஆங்கிலப் பெயருக்கு மந்தபுத்தி என்று பொருள். அறிவியல் பெயரும் அதையே சொல்கிறது. ஆளைக் கண்டு அஞ்சி ஓடாததற்கு மாலுமிகள் கொடுத்த வசைப்பெயர் அது. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. தமிழில் நாடி என்றால் வேறு பொருளும் வந்துவிடும். பழுப்பு ஆலா என்றே சொல்லலாம். ஆற்று ஆலா, மீசை ஆலா, பெரிய கொண்டை ஆலா என்று ஏற்கெனவே வழங்கும் பெயர்களோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.