கூத்துக்கு ப்ரைம், பரிசலுக்கு ஜூம்

தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் இரவு பாரதக் கூத்து நடக்கிறது. வெளிச்சம் என்று பார்த்தால் கம்பத்தில் கட்டிய இரண்டு ஃபோகஸ் விளக்குகள்தான். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் ஜூம் லென்ஸை 55-க்குத் திருகி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/200 நொடி என்று வைத்தால் படம் கறுத்து விழும். அதே அளவுகளில், ஜூம் ஆகாத 50 மி.மீ. எஃப்/1.8 ப்ரைம் லென்ஸைப் போட்டால் துரியோதனன் முகத்து அரிதாரம் வரை தெரியும்.

காரணம் எளிய வகுத்தல் கணக்கு. லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்தான் குவியத் தூரம், அது கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும். அதை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் துளை சுமார் 28 மி.மீ. கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அதன் துளை 10 மி.மீ.தான். படம் பதியும் சென்சாரில் விழும் வெளிச்சம் எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிராக மாறும். எனவே ப்ரைம் தருவது கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸில் அதை ஈடுகட்ட ஷட்டரை 1/20-க்கு இறக்க வேண்டும், அல்லது ஐஎஸ்ஓவை 16000-க்கு ஏற்ற வேண்டும். 1/20-இல் கிறுகி ஆடும் கூத்தாடி வெறும் வண்ணக் கோடாகிவிடுவார். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஆடுபவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது.

பெரிய துளைக்கு ஒரு விலை உண்டு. 1.5 மடங்கு கிராப் சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிட அந்த அளவு சிறிய சென்சார்), 3 மீட்டர் தூரத்தில், 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 25 செ.மீ. முகமும் கிரீடமும் அதற்குள் அடங்கும். நம் பக்கம் நீட்டிய வாள் அடங்காது. எஃப்/2.8-க்கு மூடினால் ஆழம் 38 செ.மீ. ஆகும், வெளிச்சம் பாதிக்கும் கீழே போகும். கூத்தில் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வைக்கப் பழகுவதுதான் முக்கியம். தானாகத் தேட விட்டால் கேமரா பெரும்பாலும் கிரீடத்துச் சில்லுக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

ஜூம் லென்ஸையும் எஃப்/1.8-இல் செய்யக் கூடாதா? செய்யலாம், அப்படிச் சில வந்தும் இருக்கின்றன. ஆனால் கனமும் விலையும் ஏறிவிடும். எளிய 50 மி.மீ. ப்ரைமில் ஆறேழு கண்ணாடிகள் போதும். 24-70 எஃப்/2.8 ஜூமில் பதினைந்து, இருபது வரை இருக்கும். ஜூமைத் திருகும்போது ஒரு கண்ணாடித் தொகுதி நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றும். அதனால் கெடும் ஃபோகஸை இன்னொரு தொகுதி நகர்ந்து சரிசெய்யும். எல்லா நிலைகளிலும் நேர்கோடு நேராக, ஓரம் கூர்மையாக, நிறம் பிரியாமல் வர வேண்டும் என்பதால் வடிவமைப்பவர் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 70-200 எஃப்/2.8 லென்ஸுக்கு 200-இல் 71 மி.மீ. அகலத் துளை தேவை. அதன் முகப்பு அத்தனை பெரிதாகவும், எடை பல மாடல்களில் ஒன்றரைக் கிலோ அளவுக்கும் இருப்பது அதனால்தான்.

வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். கிருஷ்ணகிரிப் பக்கம் தை மாதத்தில் எருது விடும் விழா. பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6 வைத்தாலே ஷட்டர் 1/1600 கிடைக்கும். ஓடும் எருதின் குளம்பு கிளப்பும் மண் கூட உறைந்து நிற்கும். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் நாம் நகர முடியாது. எருதோ தெருக்கோடியிலிருந்து சில நொடிகளில் நம்மைக் கடந்துவிடும். இங்கே 70-300 போன்ற சாதாரண ஜூம் போதும், எஃப்/2.8 தேவையே இல்லை. 300-இல் தொடங்கி, எருது நெருங்க நெருங்கப் பின்னால் திருகிக்கொண்டே வர வேண்டும். 200 மி.மீ. ப்ரைமோடு நின்றால், கொம்பில் கட்டிய தட்டி சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

“ப்ரைம் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே ஜூம்” என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலையைப் பின்னால் வைத்து ஒருவரை எடுப்பதாகக் கொள்வோம். 24 மி.மீ.-இல் 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும், 200 மி.மீ.-இல் ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும் ஆள் ஒரே அளவில் விழுவார். மலை மட்டும் இரண்டாவது படத்தில் எட்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். நடந்தால் பொருள்களுக்கு இடையிலான அளவு மாறும். நின்ற இடத்தில் ஜூம் செய்தால் சட்டம் மட்டுமே குறுகும். எங்கே நிற்பது என்று முதலில் முடிவெடுத்து, பிறகு அதற்குரிய குவியத் தூரத்தைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்கள் வேறு வகைச் சவால். அனுமதி வாங்கி, ஃப்ளாஷ் இல்லாமல்தான் எடுக்க வேண்டும். ஓவியம் அசையாது. ட்ரைபாடில் கேமராவை மேல்நோக்கி வைத்து, சென்சார் விதானத்துக்கு இணையாக இருக்கிறதா என்று மட்டம் பார்த்து, ஸ்டெபிலைசரை அணைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 2 நொடி டைமர் என்று வைத்தால் ஷட்டர் ஒரு நொடிக்கு மேல் போனாலும் கவலையில்லை. எஃப்/1.8 இங்கே பயன்படாது. ஆனாலும் 35 மி.மீ. ப்ரைமே நல்லது, காரணம் கோடுகள். கிட் ஜூம் 18-இல் ஓவியச் சட்டத்தின் ஓரங்களைப் பீப்பாய் போல வெளியே வளைக்கும். மென்பொருளில் நேராக்கலாம் என்றாலும், மூலைகள் இழுபட்டு அங்குள்ள நுண்கோடுகள் மங்கும். விதானம் முழுதும் ஒரே படத்தில் அடங்காவிட்டால், மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று படியும்படி துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது மேல்.

ஒகேனக்கல் பரிசலில் லென்ஸ் மாற்றவே கூடாது. சாரல் ஒரு துளி உள்ளே போனால் சென்சாரில் காய்ந்து கறையாகும். கரையிலேயே 18-135 போன்ற ஒரே ஜூமை மாட்டி, ஹூட் (லென்ஸ் முகப்பைச் சுற்றி மாட்டும் மறைப்பு) போட்டு, முன்னால் ஒரு ஃபில்டரைத் திருகிவிட வேண்டும். திருகும்போது நீளும் ஜூம் உள்ளே காற்றை இழுக்கும். அருவிக்கு அருகில் அது ஈரக்காற்று. நீண்ட குழலில் சாரல் பட்டிருந்தால் துடைத்த பிறகே உள்ளே சுருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைப் பையில் அடைத்துப் போடாமல், காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் தங்கினால் கண்ணாடிகளுக்கு இடையில் பூஞ்சை நூல் நூலாகப் படரும். அத்தனை கண்ணாடிகள் உள்ள ஜூமைப் பிரித்துச் சுத்தம் செய்ய, புது கிட் லென்ஸின் விலையே கூட ஆகிவிடலாம்.