பூர்ச்சம்: பெயர் ஒன்று, மரம் வேறு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு 'பிர்ச்' என்றதும் மரம் நினைவுக்கு வராது. 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ஆங்கிலேய ரெசிடென்டின், அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக அமர்த்தப்பட்ட அதிகாரியின், பெயர்தான் வரும். ஈப்போவில் அவர் நினைவு மணிக்கூண்டு இன்னும் நிற்கிறது. அந்தக் குடும்பப் பெயரே குளிர்நாடுகளில் வளரும் வெள்ளைப் பட்டை மரம் ஒன்றின் பெயர்.

அந்த மரத்தைத் தமிழில் பூர்ச்சம் எனலாம். வடமொழி 'பூர்ஜ' தமிழ் நாக்குக்கு இணங்கி வந்த வடிவம் இது. 'பிர்ச்'சும் 'பூர்ஜ'வும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை; ஒளிர்தல், வெண்மை என்பது அவ்வேரின் பொருள். பட்டையைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பனையோலையில் எழுதிய காலத்தில் காஷ்மீரத்தார் இமயப் பூர்ச்சத்தின் பட்டையை உரித்து எழுதினார்கள். அதற்குப் பூர்ச்சபத்திரம் என்று பெயர். பத்திரம் என்றால் இலை, உரித்ததோ பட்டை! ஆகவே 'பிர்ச் மரம்' என்று எழுதும் இடத்தில் தயங்காமல் பூர்ச்சம் என்று எழுதலாம்.

எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு நாற்றுக்கடையில் வெள்ளைப் பட்டைக் கன்று ஒன்றைப் 'பிர்ச்' என்று 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வைத்திருந்தார்கள். ஓர் இலையைக் கசக்கி, "அண்ணே, முகர்ந்து பாருங்கள்" என்று நீட்டினேன். தைல வாடை. அது கெலாம், 'மின்யாக் காயு பூத்தே' என்னும் தைலம் வடிக்கும் மர இனம். மலாயில் காயு பூத்தே என்றாலே வெள்ளை மரம்தான், குழப்பம் வராமல் என்ன செய்யும்?

வேறுபாடு இலையில் தெரியும். பூர்ச்ச இலையின் ஓரம் அரம்போல் பல் பல்லாக இருக்கும். கெலாம் இலைக்குப் பல் கிடையாது, நரம்புகள் நீளவாக்கில் ஓடும். பூர்ச்சப் பட்டை குறுக்குக் கோடுகளுடன் தாள் தாளாக உரியும். கெலாம் பட்டையோ விரலால் அழுத்தினால் பஞ்சாக அமுங்கும்.

பூர்ச்சத்தை இங்கே வளர்க்க முடியுமா? விதையை மண்ணில் புதைக்காமல் மேலாகத் தூவ வேண்டும், வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். சில வாரக் குளிர் கிடைத்தால் முளைப்பு சீராக இருக்கும். வேர் மேலோட்டமாக ஓடுவதால் வறட்சி ஆகாது. அதெல்லாம் செய்துவிடலாம், குளிர்காலத்துக்கு எங்கே போவது? ரப்பர் மரமும் ஆண்டுதோறும் இலை உதிர்க்கிறதே என்பார்கள். அது வறட்சியில் உதிர்ப்பது. பூர்ச்சத்துக்கோ மாதக்கணக்கில் குளிரில் உறங்கி எழ வேண்டும். கேமரன் மலைக்குளிர்கூட அதற்குப் போதாது.

அந்தக் கெலாம் கன்றை நானே வாங்கி வந்தேன். வீட்டுப் பின்புறம் மழைத்தண்ணீர் தேங்கும் மூலையில் நட்டிருக்கிறேன். சதுப்பு நிலம் அதற்குத் தாய்வீடு.