போன வருசம் வெட்டினதுதானே, பேந்து ஏன் இன்னொருக்கா?

வெட்டிய துண்டுகளைப் பரிசோதித்து நோயைச் சொல்லும் நோயியல் மருத்துவர்களான எங்களை நோயாளிகளுக்குத் தெரியாது, எங்களுக்கும் அவர்களைத் தெரியாது. துண்டைக் கெடாமல் வைக்கும் போர்மலின் திரவப் போத்தலில் ஒரு துண்டு வரும், கூடவே ஒரு கடதாசி, அதில் வயதும் "வலது உள்ளங்கால், கறுப்புப் புண்" என்று ஒரு வரியும் இருக்கும். அறிமுகம் அவ்வளவுதான். எப்போதாவது ரிப்போர்ட்டையோ, துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பரபின் பிளொக்கையோ வாங்க உறவினர்கள் வருவார்கள், அப்போதுதான் துண்டுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பது தெரியும்.

அப்படித்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய், போன வருடம் வெட்டி எடுத்தாயிற்று. பிறகு கவட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி, உடம்பின் நோய் எதிர்ப்பையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபி ஊசி தொடங்கி, எல்லாம் சுருங்கி வந்த நேரத்தில் ஒரே ஒரு கட்டி மட்டும் மறுபடி வளர ஆரம்பித்திருக்கிறது. புற்றுநோய் டொக்டர் அதில் பயொப்சி எடுக்கச் சொல்லிவிட்டார்.

"போன வருசம் வெட்டின துண்டு உங்களிட்ட இருக்குத்தானே டொக்டர், பேந்து ஏன் இன்னொருக்கா? கத்தி பட்டா பரவும் எண்டு எல்லாரும் சொல்லீனம்."

கத்தி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மெலனோமாவைப் பரிசோதனைக்காக வெட்டுவதால் அது பரவுவதில்லை. வெட்டிய பிறகு பரவியதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலும் வெட்டுவதற்கு முன்பே பரவியிருக்கும், நாங்கள் பார்த்தது அப்போதுதான். இந்தப் பயத்தில் வீணாகும் மாதங்கள்தான் ஆளைக் கொல்கின்றன.

மற்றக் கேள்வி நல்ல கேள்வி. அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நம் உடம்பின் எல்லாக் கலங்களிலும் அநேகமாக ஒரே மரபணுத் தொகுதிதான், பாடசாலையில் பரம்பரையலகு என்று படித்திருப்பீர்கள். புரதம் செய்பவை மட்டும் ஏறக்குறைய 20,000. கண்ணின் கலமும் காலின் கலமும் வேறுபடுவது எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான். இரவு எட்டு மணிக்கு மரைன் டிரைவில் நின்று வெள்ளவத்தை பிளாட்களைப் பாருங்கள், எல்லா வீட்டிலும் வயரிங் ஒன்றுதான், ஆனால் ஒரு வீட்டில் குசினி விளக்கு எரியும், ஒன்றில் முழு இருட்டு. மரபணு வெளிப்பாடு என்பது இந்த விளக்குக் கணக்கு. பத்து மணிக்குப் பார்த்தால் கணக்கு வேறு.

தோலுக்கு நிறம் தரும் கலத்தில் எம்.ஐ.டி.எப். என்ற மரபணு ஒரு மெயின் சுவிட்ச் மாதிரி. அது எரிந்தால் நிறமி செய்யும் மரபணுக்களும், மெலன்-ஏ போன்ற அடையாளப் புரதங்களைச் செய்பவையும் சேர்ந்து எரியும். மெலனோமா இந்தக் கலங்களிலிருந்து வருவதால் அதே அடையாளங்கள் அதிலும் இருக்கும்.

நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்களில் ஒரு வகையான நம் டி கலங்கள் ஒவ்வொரு கலத்தையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்கின்றன. கலத்துக்குள் செய்யப்படும் புரதங்களின் சிறு துண்டுகள் கலத்தின் மேற்பரப்பில் காட்டப்படும், அதுதான் அட்டை. கொழும்பில் வளர்ந்த நமக்கு ஐசி காட்டுவதைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால் அம்மாவுக்குப் போடுவது போன்ற இந்த ஊசி மருந்துகளின் பெயரே செக்பொயின்ட் தடுப்பான்கள், ஆனால் இங்கே செக்பொயின்ட் நிறுத்துவது போகிறவனை அல்ல, காவல்காரனை. டி கலத்தின் மேலுள்ள பி.டி.-1 என்ற புரதம் ஒரு பிரேக். டி கலம் தாக்க வந்து இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளிவிட்டதும், புற்றுநோய்க் கலம் அதை உணர்ந்து பி.டி.-எல்1 மரபணுவை எரியவிட்டு அந்தப் பிரேக்கை அழுத்துகிறது. தாக்குதலின் சத்தம் கேட்டே கேடயம் எடுக்கிறது!

இப்படியான பிரேக்குகளைத் தடுத்தால் என்ன என்ற யோசனைக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. இந்த வகை மருந்துகளில் அமெரிக்காவில் 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் அனுமதி பெற்றன. முற்றிய மெலனோமாவில் ஒரு வருடம் தாண்டுவதே கஷ்டமாக இருந்த காலம் போய், 945 பேரில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதத்தினர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்கள். வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணுப் பிறழ்வுகள் ஏராளம், அதனால் டி கலத்துக்கு அந்நியமாகத் தெரியும் துண்டுகளும் ஏராளம். நம்மைப் போன்ற கறுத்தத் தோலில் அதிகம் காணும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி மெலனோமாவுக்கு வெயில் காரணமல்ல, பிறழ்வுகளும் குறைவு, மருந்துக்கு அடங்குவதும் குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை.

சரி, அடங்கிய கட்டி ஏன் திரும்பி எழும்புகிறது? சில கலங்கள் அட்டையைப் பிடித்துக் காட்டும் கையையே இழக்கின்றன, பி2எம் என்ற மரபணு பழுதாவது அப்படித்தான். சிலவற்றில் ஜக்1, ஜக்2 பழுதாகி இன்டர்பெரோன் சொல்வதே காதில் விழாது. இவை மரபணுவின் எழுத்திலேயே வரும் மாற்றங்கள். ஆனால் எழுத்து ஒன்றும் மாறாமலும் தப்பலாம், எனக்கு அதிகம் பயம் அதில்தான். எம்.ஐ.டி.எப். சுவிட்சை அணைத்துவிட்டால் மெலன்-ஏ போய்விடும், டி கலம் தேடிவரும் முகம் அங்கே இல்லை. டி கலங்கள் உண்டாக்கும் அழற்சியே கலங்களை அந்த நிலைக்குத் தள்ளக்கூடும். நிலைமை மாறினால் விளக்கு திரும்ப எரியவும் கூடும். 2016இல் 19 பேரின் மெலனோமாக்களிலிருந்து கலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் பிரதியான ஆர்.என்.ஏ.யை வாசித்தபோது, ஒரே கட்டிக்குள்ளேயே விளக்கு எரிந்த கலங்களும் அணைந்த கலங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: என்னிடம் இருப்பது போன வருடத்துக் கட்டி, இப்போது வளர்வது மருந்தைப் பார்த்த கட்டி.

இரண்டு கிழமையில் போத்தல் வந்தது. இந்தப் புரதங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும் சாயங்கள் எங்களிடம் உண்டு. பழைய துண்டில் மெலன்-ஏயும், எச்.எம்.பி.-45 என்ற இன்னொரு நிறமிக்கல அடையாளமும் பளிச்சென்று சாயம் ஏறியிருந்தன. புதியதில் இரண்டும் கிட்டத்தட்ட வெறுமை, சொக்ஸ்10 என்ற வேறொரு மெலனோமா அடையாளம் மட்டும் நின்றது. முந்தைய கதை தெரியாமல் இதைப் பார்க்கும் ஒருவர் வேறேதோ புற்றுநோய் என்று எழுதிவிடலாம், அதனால்தான் கிளினிக் கொப்பியையும் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறோம். இன்னாருக்கு இந்த மருந்து வேலை செய்யும் என்று அடித்துச் சொல்லும் ஒரு தனிப் பரிசோதனை இன்னும் கிடையாது, பி.டி.-எல்1 இல்லாதவர்களுக்கும் கேட்கிறது. அதனால் ஒரு பரிசோதனை முடிவைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையை விடவேண்டாம்.

துண்டைப் பற்றி ஒரு புலம்பல். ஆர்.என்.ஏ. மிக விரைவில் சிதையும். ஒருமுறை ஓரிடத்திலிருந்து துண்டைப் போர்மலினுக்குப் பதிலாகச் சேலைன் உப்புநீரில் போட்டு அனுப்பியிருந்தார்கள், எங்கள் கைக்கு வரும்போது பாதி அழுகல். அதைவிட மோசம், "மறுதானே" என்று வெட்டிக் குப்பையில் எறிவது. எந்தக் கறுப்புப் புள்ளியை யார் வெட்டினாலும், எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். பிளேட்டால் சீவுவது, பாலுண்ணிக்குப் போடும் அசிட்டைத் தடவுவது எல்லாம் வேண்டாம். அப்புறம், மெலனோமா எங்களுக்கும் சும்மா படியாது: அதன் கறுப்பு நிறமி ஆர்.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டு வந்து பி.சி.ஆரைக் கெடுக்கும், வழமையான மண்ணிறச் சாயமும் நிறமியும் ஒன்றுபோலத் தெரிவதால் சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், பெரியவர்களுக்கு நீங்கள் பாருங்கள். புதிதாக வந்து பெரிதாகும் கறுப்பு, ஆறாத புண், ஒரே ஒரு நகத்தில் அகலமாகிக்கொண்டு போகும் கறுப்புக் கோடு, அதிலும் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் ஏறினால் நாள் கடத்தவேண்டாம். பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதே வகைதான், 1981இல் 36 வயதில் இறந்தார்.

ஊசி எடுப்பவர்களுக்கு வயிற்றோட்டமோ வறட்டு இருமலோ வந்தால் பாமசியில் மருந்து வாங்கிச் சமாளிக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லவேண்டும். பிரேக் கழன்ற டி கலங்கள் குடலையும் நுரையீரலையும் தாக்கலாம்.

ரிப்போர்ட் வாங்க வந்த அன்று தம்பி இன்னொன்று சொன்னார். ஊசி தொடங்கியதிலிருந்து அம்மாவின் கையிலும் கழுத்திலும் வெள்ளை விழுகிறது, சனம் என்ன சொல்லுமோ என்று இந்த முறை ஆடிவேலுக்கே போகவில்லை, யாரோ கொடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டிருக்கிறா என்று. அது தொற்றுகிற வியாதி அல்ல என்றேன். மெலன்-ஏ தேடும் டி கலங்கள் நல்ல தோலின் நிறமிக் கலங்களையும் பிடிக்கின்றன, அதன் தடம்தான் அந்த வெள்ளை, அது வருபவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்வதையே அதிகம் பார்க்கிறோம். சுருங்கிய கட்டிகளைச் சுருக்கியதும் அதே கலங்களாகத்தான் இருக்கும். விளக்கை அணைத்துவிட்ட அந்த ஒரு கட்டியை மட்டும்தான் அவற்றால் காணமுடியவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எண்ணெயை நிப்பாட்டச் சொல்லவா டொக்டர்?"

"நிற்பாட்டச் சொல்லுங்கள். போத்தலை எறியவேண்டாம், அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்."