ஆர்ட்டிகுலேட்: பொருள், வேர், தமிழ்ச்சொல்

‘ஆர்ட்டிகுலேட்’ (articulate) என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு, நன்றாக இங்கிலீஷ் பேசுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. தங்குதடையில்லாமல் பேசுவது ஃப்ளூயன்ட், தமிழில் சரளம். கேட்பவர் மனம் இளகப் பேசுவது எலக்வன்ட். சொல்வன்மை, நாவன்மை என்ற சொற்கள் அதற்கே பொருந்தும். மனதில் இருப்பதைக் கூறு கூறாகப் பிரித்து, எதிரில் இருப்பவருக்கு விளங்கும்படி சொல்வதுதான் ஆர்ட்டிகுலேட். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவருக்கும் இது கைவரலாம். மடமடவென்று கொட்டுகிறவருக்கு வராமலும் போகலாம்.

லத்தீனில் ‘ஆர்ட்டுஸ்’ என்றால் மூட்டு. சிறு மூட்டு, ‘ஆர்ட்டிகுலுஸ்’. அதிலிருந்து வந்த வினைக்கு மூட்டு மூட்டாகப் பிரிப்பது என்று பொருள். பிறகு, ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் பிரித்துச் சொல்வதையும் அது குறித்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஆர்ட்டிகிள், இங்கிலீஷ் இலக்கணத்தின் ஆர்ட்டிகிள், சி.ஏ. மாணவர்களின் பயிற்சிக் காலமான ஆர்ட்டிகிள்ஷிப் எல்லாம் இந்த வேரில் முளைத்தவையே.

ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இங்கே மூட்டு மூட்டாகப் பிரிவது, அல்லது மூட்டில் சேர்வது எது என்பதைத்தான்: கருத்தா, ஒலியா, எலும்பா, வண்டியா? கருத்து என்றால் ‘எடுத்துரை’, ‘விரித்துரை’. திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம் முடியும் 650ஆம் குறள், ‘கற்றது உணர விரித்துரையாதார்’ கொத்தாகப் பூத்தும் மணக்காத மலர் போன்றவர் என்கிறது. படிப்பு இருக்கிறது, பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல வரவில்லை. இன்ஆர்ட்டிகுலேட் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் கிடையாது. ‘பாலிசியை ஆர்ட்டிகுலேட் செய்தார்’ என்பதை ‘வெளிப்படுத்தினார்’ என்று எழுதினால், ஏதோ ரகசியம் வெளியானதுபோல் ஆகிவிடும். ‘கொள்கையைத் தெளிவாக எடுத்துரைத்தார்’ போதும்.

ஒலி என்றால் ‘ஒலிப்பு’. பேச்சு வழக்கில் திருத்தமாக, அட்சர சுத்தமாக, மணி மணியாக என்று சொல்வதும் இதைத்தான். மொழியியலில் ஒலி பிறக்கும் இடம் ஒலிப்பிடம், பிறக்கும் விதம் ஒலிப்பு முறை. இரண்டையும் தொல்காப்பியம் பிறப்பியலில் பேசுகிறது. லகரத்துக்கு நாவிளிம்பு தடித்து, மேற்பல்லின் அடியில் அண்ணத்தை ‘ஒற்ற’ வேண்டும். ழகரத்துக்கு நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை ‘வருட’ வேண்டும். ஒற்றுவதும் வருடுவதும் வேறு வேறு. பலருக்கு ழகரம் தவறுவது இங்கேதான்: வளைந்த நாக்கு அண்ணத்தில் அழுந்தப் படிந்துவிடுகிறது, ‘பழம்’ ‘பளம்’ ஆகிவிடுகிறது. ‘ழ்’ என்று மூச்சு தீரும்வரை நீட்டிப் பாருங்கள். நாக்கு எங்கும் ஒட்டாமல் ஒலி ஓட வேண்டும். பிறகு தலை, தளை, தழை என்று மெதுவாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நாக்கு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

பேச்சுப் பயிற்சியில் ஒலிப்புப் பிழைகளை நான்காகப் பிரிப்பது வழக்கம்: ஓர் ஒலிக்கு வேறொன்றைச் சொல்வது, விட்டுவிடுவது, சிதைத்துச் சொல்வது, இல்லாததைச் சேர்ப்பது. இவற்றை ‘ஒலிப்புக் கோளாறு’ என்று எழுதலாம். ‘திக்குவாய்’ என்று எழுதக் கூடாது. திக்குவது பேச்சின் ஓட்டம் தடைப்படுவது. அது வேறு பிரச்சினை.

எலும்பு என்றால் ‘மூட்டு’. தொடை எலும்பு இடுப்பெலும்போடு ஆர்ட்டிகுலேட் ஆகிறது என்றால் மூட்டில் பொருந்துகிறது என்று அர்த்தம். வண்டி என்றால் ‘இணைப்பு’: நடுவில் மடிந்து திரும்பும் ஆர்ட்டிகுலேட்டட் பஸ், இணைப்புப் பேருந்து. சென்னையில் அதை வெஸ்டிபியூல் பஸ் என்றார்கள்.

உச்சரிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. வினைச்சொல்லாக வரும்போது கடைசி அசை ‘லேட்’ என்று நீளும். ‘தெளிவாகப் பேசுகிற’ என்ற பெயரடையாக வரும்போது ‘லட்’ என்று குறுகும். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.