பெட்டி வரவில்லையா? கிலோ கணக்குக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

மண்ணடியில் என் அலுவலகப் படியேறி வந்த அந்த அம்மாவுக்கு ராயபுரம். மகளின் வளைகாப்புக்காக, ஒரு வளைகுடா நகரத்தில் விமானம் மாறி, டொரன்டோ போயிருந்தார். அவர் போய்ச் சேர்ந்தார், பெட்டி சேரவில்லை. இரண்டு மாதம் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள் விமான நிறுவனத்தார். அதன்பின் ஒரு மின்னஞ்சல்: கிலோவுக்கு 20 டாலர், 23 கிலோவுக்கு 460 டாலர். இதற்கு மேல் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் பணம் வரும்.

"எம்.சி. ரோட்டில் எடுத்த பட்டுப்புடவைக்கும் காசிமேட்டுக் கருவாட்டுக்கும் ஒரே விலையா, தம்பி?" என்று கேட்டார்.

சட்டமும் அவர் கட்சிதான். எடை பார்த்து இழப்பீடு தருவது, சர்வதேச விமானப் பயணத்துக்கான பழைய வார்சா உடன்படிக்கையின் வழக்கம். இந்தியா 2009-லேயே அதற்குப் பதிலாக வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு மாறிவிட்டது. கனடாவும் அதில் உண்டு. அதன்படி வரம்பு கிலோவுக்கு அல்ல, பயணிக்கு. 2024 டிசம்பர் 28 முதல் அந்த உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். வரம்புதான், பரிசுத்தொகை அல்ல. போனதன் மதிப்பை நாம்தான் காட்ட வேண்டும். உள்நாட்டுப் பயணம் என்றால் வரம்பு 20,000 ரூபாயோடு முடிந்துவிடும்.

இந்த அம்மா இரண்டு காரியம் சரியாகச் செய்திருந்தார். மருமகன் வெளியே காத்திருந்தும், பெட்டிகள் வரும் கூடத்தைவிட்டு வெளியேறாமல், அங்கேயே கவுண்டரில் பி.ஐ.ஆர். என்னும் புகார்ப் படிவத்தை எழுதி எண் வாங்கியிருந்தார். "வீட்டுக்குப் போங்கள், போன் செய்கிறோம்" என்ற பேச்சை நம்பி வந்தவர்களின் வழக்கு எவ்வளவு நொண்டும் என்பது எனக்குத் தெரியும். இன்னொன்று, போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருவார்களே, பத்து இலக்கம் அச்சிட்ட சிறு துண்டு. அதைப் பாஸ்போர்ட் உறைக்குள் பெரியபாளையத்தம்மன் குங்குமப் பொட்டலத்தோடு வைத்திருந்தார். குங்குமம் படிந்திருந்தாலும் எண் தெரிந்தது.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால், அவர்கள் தேடினாலும் தேடாவிட்டாலும், தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். வழக்குக்கு இரண்டு ஆண்டு. விமானம் மாறியதால் முதல் நிறுவனமும் கடைசி நிறுவனமும் ஒன்றையொன்று கைகாட்டும். மயங்க வேண்டாம், இரண்டின் மீதும் கோரலாம். டொரன்டோவுக்கு ஓடவும் வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப்போடலாம்.

நகையைப் பெட்டியில் வைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வைக்காதீர்கள். வேறு விலையுயர்ந்த பொருளை அனுப்பியே தீர வேண்டுமென்றால், பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

பிறகு நானும் அந்த அம்மாவும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ஆறு புடவை, வெள்ளிக் கொலுசு, மகளுக்கு இரண்டு டஜன் கண்ணாடி வளையல். புடவைக்கடைக்காரர் பழைய பில் புத்தகத்தைப் புரட்டி நகல் கொடுத்தார். கொலுசுக்குக் கார்டில் கட்டிய பதிவு இருந்தது. கருவாட்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை. காசிமேட்டில் யார் பில் போடுகிறார்கள்?